அன்ரோனெற் பாண் தின்னவில்லை

டொக்டர் மென்மையாகத்தான் கேட்டார். அன்ரோனெற்றுக்கு எரிச்சலைக் கிளப்பியதே அந்த மென்மைதான்.

"கோவிக்கக் கூடாது அம்மா. இடைக்கிடை ஒரு துண்டுப் பாண், ஒரு றோல்ஸ்... ஆசைக்கு?"

"இல்லை டொக்டர்."

"ஒரு கடி?"

"ஒரு கடியும் இல்லை."

இரத்தப் பரிசோதனைத் தாளை அவர் அவள் பக்கம் திருப்பி வைத்தார். போனமுறை இருந்த இடத்திலேயே இந்தமுறையும் எண் நின்றது. சீலியாக் என்று பெயர் வைத்த நோய் அது. கோதுமைக்குள் இருக்கும் குளூட்டன் என்ற பசை துளியளவு வயிற்றுக்குள் போனாலும் போதும், உடம்பு தன் குடலோடு தானே சண்டை பிடிக்கும். அந்தச் சண்டையின் சூட்டைத்தான் எண் சொல்லுகிறது. அது இறங்காவிட்டால் அடுத்தமுறை மறுபடியும் தொண்டைக்குள்ளால் குழாய் விட்டுப் பார்க்கவேண்டி வரும் என்றார்.

அன்ரோனெற் டொக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த கணவன் மில்ரனைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டொக்டர் கேட்ட கேள்வி அவன் முகத்திலும் அப்படியே இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் பூநகரி தாண்டும்வரை அவன் பரிசோதனைத் தாளை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். "இஞ்ச பார், நான் ஒண்டும் பேசமாட்டன். திண்டனியெண்டாச் சொல்லு."

"மில்ரன், நான் அடுத்த தரிப்பில இறங்கி நடந்து வாறன். நீங்கள் போங்கோ."

"சும்மா கேட்டனான்."

"எல்லாரும் சும்மாதான் கேக்கிறியள்."

மன்னார்த் தீவில், அவர்களின் ஊரான ஓலைத்தொடுவாயில் அன்ரோனெற்றைத் தெரியாதவர்கள் இல்லை. தலைமன்னார் தொடக்கம் தாழ்வுபாடு வரைக்கும் கோயில்களில் தாலி கட்டிய பெண்களில் பாதிப்பேரின் முகம் அவள் கையால் எழுதியது. பதினெட்டு வயதில் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்திக்கு, சொல்லிவைத்த அலங்காரக்காரி வராமல் விட்ட அவசரத்தில், தலை வாரி, முக்காட்டு நெற் குத்தி விட்டதில் தொடங்கியது தொழில். கண்ணுக்கு மை எழுதும்போது அவள் கை ஆடியதை யாரும் கண்டதில்லை. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தமான உடம்பு பல வருடமாக ஆடிக்கொண்டேயிருந்தது. வயிறு ஊதும், ஓடும், வாய்க்குள் புண் வரும், உடம்பில் இரத்தம் போதாது. பூச்சிக் குளிசை கொடுத்தார்கள், இரும்புக் குளிசை கொடுத்தார்கள், மடுக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். கடைசியில் இரண்டு வருடத்துக்கு முன்தான் கோதுமை என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். எதிரிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

பாணை விட்டாள். பணிஸ், றோல்ஸ், கொத்து, நூடில்ஸ் எல்லாம் விட்டாள். கோதுமை மாப் புட்டு அவித்த நீத்துப்பெட்டியைக்கூடத் தூக்கி எறிந்துவிட்டு அரிசி மாவுக்கென்று புதியது வாங்கினாள். கோயிலில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். பங்குத்தந்தையிடம் தனியே போய்ச் சொன்னாள். அவர் அவளுக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் வேறாக வைத்துக் கொடுத்தார். அதற்கும் கதை வந்தது. "ஆண்டவரும் அவளுக்கு ஒத்துவரேல்லையாம்" என்று பின்னால் வாங்கில் இருந்த ஒருத்தி சொன்னது முன்வாங்கில் இருந்த அன்ரோனெற்றுக்குத் தெளிவாகவே கேட்டது.

இவ்வளவும் செய்துவிட்டு வந்தவளிடம்தான் ஒரு கடியா என்று கேட்கிறார்கள்.

வீட்டில் மில்ரனின் தாய் பிலோமினா வாசலிலேயே நின்றா. மகனின் முகத்தைப் பார்த்தா, எண் இறங்கவில்லை என்று விளங்கிக்கொண்டா. மாமியின் கையில் ஒரு சாட்சி ஏற்கெனவே இருந்தது. போன மாதம் மருமகளின் கைப்பைக்குள் ஒரு வெறும் கேக் தாள் கண்டவ.

"மாமி, அது கலியாண வீட்டில தந்த கேக். உங்கட மகன் வாற வழியில மோட்டச்சைக்கிள்ல வைச்சே திண்டு முடிச்சவர்."

"அவனுக்குக் கேக்கே பிடிக்காதே பிள்ளை."

மில்ரன் சாரத்தை மாற்றும் சாட்டில் உள்ளே போய்விட்டான்.

இனி வேறு எங்காலாவது இது உள்ளே போகிறதா என்று பார்க்கவேண்டியதுதான் என்று அன்ரோனெற் மன்னார் ரவுனுக்குப் போனாள். அங்கே பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் இன்ஷிராவுக்கு அவள்தான் கலியாண அலங்காரம் செய்தவள். அந்த உரிமையில் கவுண்டரின் உட்பக்கமாக வாங்கு போட்டு இருத்திவிட்டு இன்ஷிரா கேட்டாள்.

"சாப்பாடு சரியெண்டா, பூசுறது என்ன அக்கா?"

"பூசுறதோ?"

"லிப்ஸ்ரிக், உதட்டுக் கிறீம், கைக்குப் பூசுற கிறீம். தோலால அது உள்ள போகாது, அதுக்குப் பயப்பட வேணாம். வாய்க்குப் போனாத்தான் பிரச்சினை. ஆனா நாங்க கையால சோறு குழைச்சுத் திங்கிற ஆக்கள். உதட்டில பூசினதப் பாதி நக்கியே முடிச்சிர்றோம். உங்கட சாமான்ல கோதுமை இருக்கா எண்டு பாத்தீங்களா?"

"முகத்துக்குப் பூசுறதில கோதுமை எதுக்கடி?"

"எண்ணெயா எடுப்பாங்க, பசையா எடுப்பாங்க. பெயரையும் லத்தீன்ல எழுதுவாங்க. ட்ரிட்டிக்கம் எண்டு கண்டா அது கோதுமை. ஹோர்டியம் எண்டா பார்லி. சும்மா தேவாரம் மாதிரி... அட, உங்களுக்குச் செபமாலை மாதிரிச் சொல்லிக்கொண்டு போங்க."

அன்ரோனெற் ரவுனில் பஸ் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை ட்ரிட்டிக்கம், ஹோர்டியம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கிழவர் அவளுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அன்றைக்குப் பின்னேரமே அலுமாரியைத் திறந்து தன்னுடைய சாமான்கள் எல்லாவற்றையும் பாயில் பரப்பினாள். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த உலகத்தில் யாரும் வாசிக்கக் கூடாது என்று நினைத்தே இவற்றை எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் எறும்பு முட்டையைவிடச் சிறிது. வெள்ளி நிறக் குழாயில் வெள்ளை எழுத்து. வட்டக் குப்பியைச் சுற்றி எழுதிய வரி தொடங்கிய இடத்தைக் கண்டுபிடிக்குமுன் முடிந்துவிடுகிறது. பெட்டியில்தான் விபரம் இருக்கும் என்று குப்பி சொல்லுகிறது. பெட்டி எறிந்து எத்தனையோ காலம். இன்னொன்றில் எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, சரியாக அந்த இடத்தில் இறக்குமதி செய்தவன் விலைத் தாளை ஒட்டியிருந்தான். நகத்தால் சுரண்டினாள். தாளோடு எழுத்தும் உரிந்து வந்தது.

"ஆண்டவரே" என்றாள் அன்ரோனெற். அது செபம் இல்லை.

உரிந்து போன அந்தக் குழாயின் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டுக் கொழும்பிலிருந்து ஒரு பெடியன் வந்தான்.

"மேடம், எங்க கிறீம்ல எந்தப் பாதிப்பும் இல்ல. முழுக்க முழுக்க இயற்கை."

"தம்பி, கோதுமையும் இயற்கைதான். அது இதுக்குள்ள இருக்கோ இல்லையோ?"

"வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் மேடம். சாப்பிடக் கூடாது."

"உதட்டில பூசுற கிறீம் தம்பி. உதடு எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "மேடம், உங்களுக்கு வறண்ட சருமமா, எண்ணெய்ச் சருமமா?"

அவள் அழைப்பை வெட்டினாள். பிறகு ஏன் வெட்டினேன், இன்னும் நாலு ஏச்சு ஏசியிருக்கலாமே என்று அதற்கும் எரிச்சல்பட்டாள்.

வாசிக்க முடிந்தவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, படத்தைப் பெருப்பித்து, சொல் சொல்லாகப் பார்த்தாள். சந்தேகமானதை இன்ஷிராவுக்கு அனுப்பினாள். மறுமொழிகள் அதிகாலைத் தொழுகை முடித்த கையோடு வந்து விழும்: வேணாம். இது ஓகே. இது வேணாம். அக்கா இது சப்பாத்துப் பொலிஷ், ஏன் அனுப்பினீங்க? கடைசியில் அவளுக்கு மிகப் பிடித்த, வனிலா மணக்கிற உதட்டுக் கிறீமும் வேணாம் என்று வந்தது. கோதுமை முளை எண்ணெய். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து உதடு வெடிக்கும்போதெல்லாம் பூசியது. அதோடு முகத்தில் குழைத்துப் போடும் மாப் பக்கற்றும் போனது. இயற்கை என்று பெரிதாகப் பச்சையில் எழுதி, கோதுமை மா என்று சிறிதாகக் கறுப்பில் எழுதியிருந்தார்கள்.

வேணாம் என்று வந்தவை ஒரு சொப்பிங் பை நிறைய. எல்லாம் பாதி பாதி. சில திறக்கவேயில்லை.

"இதையெல்லாம் எறியப் போறியோ?" என்று மாமி கேட்டா. "எறியிறவளுக்கு ஆண்டவர் குடுக்கமாட்டார்."

அன்ரோனெற்றுக்கும் மனம் வரவில்லை. யோசித்தாள். யோசனை நேராகத்தான் போனது: தோலால் போகாது என்று இன்ஷிராவே சொல்லிவிட்டாள். கலியாணப் பொம்பிளைகளுக்குச் சீலியாக் இல்லை. அவர்களின் முகம் அவர்களுடையது, என்னுடைய வயிறு என்னுடையது. பையைத் தூக்கி அப்படியே வேலைப் பெட்டிக்குள் கவிழ்த்தாள். தனக்கென்று நாலே நாலு சாமான் வைத்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் மனப்பாடம்.

இனி எண் இறங்கத்தானே வேண்டும்.

இறங்கியதா என்று பார்க்கத் தாள் தேவைப்படவில்லை. ஆனியும் ஆடியும் கலியாணங்களால் நிரம்பி வழிந்தன. ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் இரண்டு நாள் அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். கலியாண வீடு, அதற்குப் பிறகு வயிறு. ஊர் அதைக் கவனித்தது. கலியாண வீட்டில் என்ன இருக்கும்? கேக் இருக்கும், றோல்ஸ் இருக்கும். மாமி இஞ்சித் தண்ணி அவித்துக் கொடுத்தா. கொடுத்த விதம் ஏச்சைவிட மோசம். மில்ரன் மட்டும் ஒருநாள், வலை கழுவிவிட்டு வந்தவன், படுத்திருந்தவளின் காலடியில் இருந்து மெல்லக் கேட்டான்.

"கலியாண வீட்டில பசிக்கும்தானே?"

"பசிக்கும். நான் வீட்டில இருந்து கொண்டுபோற சோத்தைத் தின்னுறன்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமெண்டா ஏன் கேட்டனீங்கள்?"

ஊரும் மாமியும் நினைத்ததை அவள் தாங்கிக்கொண்டாள். இவனும் நினைக்கிறான் என்பதுதான் வயிற்றைவிட அதிகம் நொந்தது.

ஆவணியில் ஜெசிக்காவின் கலியாணம் வந்தது. நாலாவது வீட்டுப் பிள்ளை, வாய்க்காரி. கோயில் மணி அடிக்குமுன் முடிக்கவேண்டும் என்று அறைக்குள் ஒரே அமளி. தாய் பத்துத் தடவை உள்ளே வந்து பத்துத் தடவையும் "இன்னும் முடியேல்லையோ?" என்றா.

அன்ரோனெற் வேலை செய்யும் விதம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கையும் தலைமயிரில் இருக்கும். கொண்டை ஊசிகள், நெற் குத்துகிற ஊசிகள், சேலை ஊசிகள் எல்லாம் வாய்க்குள் இருக்கும். தட்டில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் குனியவேண்டும், குனிந்தால் பிடித்த மடிப்பு விட்டுப்போகும். ஆகவே தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி உதடுகளுக்கிடையில் அடுக்கிக்கொள்ளுவாள். தூரிகை வைக்க இடமில்லாவிட்டால் அதையும் பல்லில் கடித்துக்கொள்ளுவாள். அந்த நேரத்தில் அவள் பேசுவதைப் பொம்பிளைதான் மொழிபெயர்க்கவேண்டும்.

"ம்ம்ம் ம்ம்."

"நாடியைத் தூக்கட்டாம்" என்றாள் ஜெசிக்கா தாய்க்கு.

"ம்ம்ம்ம் ம்!"

"அம்மா, உங்களை வெளியில போகட்டாம்."

"அவள் அப்பிடிச் சொல்லேல்லை!"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

ஜெசிக்காவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அன்ரோனெற் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குப்பியைத் திறந்து, மோதிர விரலால் தொட்டுப் பூசினாள். அந்தக் கையாலேயே தட்டில் இருந்த ஊசிகளை அள்ளி, வழக்கம்போல வாயில் அடுக்கினாள். நெற்றின் முதல் மடிப்பைப் பிடித்து உச்சியில் வைத்தாள்.

வனிலா.

கை நின்றது. நாக்கின் நுனியில் அது தெளிவாக இருந்தது. அவள் அதை விட்டு எவ்வளவு காலம்! வாய்க்குள் இது எப்படி வந்தது? கண்ணாடியைப் பார்த்தாள். இத்தனை வருடமும் கண்ணாடிக்குள் பொம்பிளையின் முகத்தை மட்டுமே பார்த்த கண், அன்றைக்குத்தான் பின்னால் நிற்கிறவளைப் பார்த்தது: உதடு நிறைய ஊசி. ஊசி நிறையக் கிறீம். தட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பது காலையில் ஜெசிக்காவின் முகத்துக்குக் குழைத்த மா.

அவள் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். துப்பிய சத்தத்தில் ஜெசிக்கா திரும்பினாள்.

"ஐயோ அக்கா, விழுங்கிட்டியளோ?"

"என்ன, ஊசியை விழுங்கிட்டாளோ?" என்று தாய் பதினோராவது தடவையாக உள்ளே ஓடி வந்தா. வெளியே இருந்தவர்களுக்கு அது ஊசி தொண்டையில் இறுகிவிட்டது என்று போய்ச் சேர்ந்தது. யாரோ வாழைப்பழம் கொண்டு வந்தார்கள்.

"விழுங்கேல்லை!" என்று கத்தினாள் அன்ரோனெற். "ஒண்டையும் விழுங்கேல்லை! இல்லை, விழுங்கினனான். ரெண்டு வருஷமா விழுங்கினனான்!"

வாழைப்பழம் உடனே நீட்டப்பட்டது.

அவள் கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும்விடக் கோபம்தான் முன்னுக்கு நின்றது. அந்த எறும்பு எழுத்து முழுவதையும் வாசித்தவள் அவள். வாசித்து, எது நஞ்சு என்று அறிந்து, அறிந்ததைத் தன் கையாலேயே வேலைப் பெட்டிக்குள் போட்டவளும் அவள்தான். எறிந்திருந்தால் ஆண்டவர் இன்னும் நல்லாகவே கொடுத்திருப்பார்.

ஆனால் உள்ளே பாதி நெற்றோடு ஒருத்தி இருக்கிறாள். ஊசிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாள். இனி எங்கே வைப்பது? சுற்றிப் பார்த்தாள். கிணற்றடியில், விருந்துக்கு மீன் வந்த ரெஜிபோம் என்ற நுரைப் பெட்டியின் வெள்ளை மூடி கிடந்தது. ஒரு துண்டு உடைத்து, கழுவி, பூ கட்ட வைத்திருந்த வெள்ளை நாடாவால் இடது மணிக்கட்டில் கட்டினாள். ஊசிகளை அதில் குத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னக்கா இது?" என்றாள் ஜெசிக்கா.

"நாடியைத் தூக்கு."

"அட, தமிழ் கதைக்கிறியள்!"

அன்றைக்கு அந்தி கருகுமுன் வீடு வந்ததும் அன்ரோனெற் பெட்டியை மில்ரனுக்கு முன்னால் கொட்டினாள். கழுவாமல் விட்ட ஊசி ஒன்றை அவனிடம் நீட்டினாள். "வாயில வையுங்கோ."

"என்னடி?"

"வையுங்கோ எண்டன்."

மில்ரன் வைத்தான். கொஞ்ச நேரம் நாக்கைப் புரட்டினான். அவளோடு குடும்பம் நடத்தியவனுக்கு அந்த ருசி தெரியாததல்ல. முகம் மெல்ல மெல்ல மாறியது.

"இது உன்ர பழைய..."

"ஓம்."

"அப்ப நீ பாண் தின்னேல்லை."

"அதைத்தானே நான் இவ்வளவு காலமும் கத்துறன்!"

அவன் ஊசியை வாயிலிருந்து எடுத்துச் சாரத்தில் துடைத்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வருவதில்லை. எழுந்து போய் வேணாம் என்று வந்த சாமான்கள் முழுவதையும் உரப்பையில் கட்டிக் குப்பைக் கிடங்கில் எறிந்துவிட்டு வந்தான். மறுநாள் புது ரெஜிபோம் துண்டொன்றைக் கத்தியால் வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தாளால் தேய்த்து, அவள் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனான்.

கலியாணங்கள் வந்தன, போயின. அவள் பாயில் சுருளவில்லை. காரணம் அதுதானா என்று இன்ஷிராவும் சத்தியம் செய்யவில்லை, "இருக்கும் அக்கா, ஊசியை மட்டும் இனி வாயில வைக்காதீங்க" என்றாள். பழக்கம் லேசில் போகுமா? மடிப்புப் பிடிக்கும்போதெல்லாம் வாய் தானாகத் திறந்து ஊசிக்குக் காத்திருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குழாய் இப்போதைக்குத் தேவையில்லை.

"பாத்தீங்களா அம்மா? கட்டுப்பாடா இருந்தா இறங்கும் எண்டு சொன்னனான்."

"டொக்டர், அது ஊசி..."

"நல்லது, நல்லது. இப்பிடியே விடாமல் இருங்கோ." அவர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மில்ரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த தரிப்பில் இறங்கி நடக்கப்போவதாகவும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் மாமி நின்றா. மகனின் முகத்தைப் பார்த்தா, எண் இறங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டா. மருமகளின் தலையைத் தடவினா. உண்மையான அன்போடுதான் தடவினா, அதில் குற்றம் சொல்ல முடியாது.

"பாத்தியோ பிள்ளை? இந்த மனக்கட்டுப்பாடு முந்தியே வந்திருந்தா உனக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்குமோ?"

அன்ரோனெற் மணிக்கட்டைக் காட்டினாள், கிறீமைச் சொன்னாள், மாவைச் சொன்னாள். மாமி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றா. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தா. வேலிக்கு அப்பால் ஜெசிக்காவின் தாய் காத்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

மில்ரன் முற்றத்தில் நின்று உரத்துச் சொன்னான். "அம்மா! அவ பாண் தின்னேல்லை!"

"ஓமடா தம்பி" என்றா மாமி திரும்பாமல். "இப்பத் தின்னிறேல்லைத்தானே."